மலையகத்தில் கிறிஸ்தவ இசைக்காரர்களுக்கு ஒரு சஞ்சிகை: தொடங்குவது எப்படி, முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹட்டன் பக்கம் ஏதாவது ஒரு சபையின் பாட்டுப் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். கீபோர்டு வாசிக்கிற பையன் பாட்டின் வரிகளை ஃபோனில் ஆங்கில எழுத்தில் வைத்திருப்பான். இரண்டாவது சரணம் வரும்போது திரை அணைந்துவிடும், ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறுகையால் தட்டுவான். பக்கத்தில் ஹார்மோனியக்காரர் அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்திருப்பார். அதில் பாதிப் பக்கத்தைப் பூஞ்சணம் தின்றிருக்கும். இவர்கள் இருவர் கையிலும் ஒரே தாள் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிய நாளில்தான் எங்கள் காலாண்டுச் சஞ்சிகை ஆரம்பித்தது. அதில் பட்டது, தெரிந்துகொண்டது எல்லாம் இங்கே இருக்கிறது.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இப்படியொரு சஞ்சிகை என்றதும் பலருக்கு மனதில் வருவது சென்னைப் பாடகரின் பேட்டி, வண்ணப் படம், ஆல்பம் விமர்சனம். அதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. மலையகத்தில் இல்லாதது, ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் போகிறவன் சனிக்கிழமை கையில் எடுத்துப் போகக்கூடிய இதழ். ஒரு பக்கத்தைப் போடலாமா வேண்டாமா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொள்வேன்: பயிற்சியில் இது யாருக்காவது உதவுமா?

யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல், மற்றக் கிறிஸ்தவர் ஒன்றரைப் பேருக்கும் குறைவு. அதில் தமிழர், அதிலும் மலையகத்தார், அதிலும் பாட்டும் வாத்தியமுமாக இருப்பவர் என்று சலித்துக்கொண்டே போனால் மிச்சம் சின்னக் கூட்டம்தான். அதனால் ஒரு சபைக்கு மட்டும் என்று சுருக்காதீர்கள். கத்தோலிக்கப் பங்கின் பாடகர் குழு, அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களின் பாடகர் குழு, ஏ.ஜி. (அசெம்பிளிஸ் ஆஃப் காட்), பெந்தெகொஸ்தே சபைகளின் ஆராதனைக் குழு எல்லாரையும் சேர்த்தால்தான் இதழ் பிழைக்கும்.

முதல் வேலையாக ஒரு கொப்பியை எடுத்து ஊர்வாரியாக எழுதுங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா, நாவலப்பிட்டி, பண்டாரவளை, பதுளை, கண்டி, மாத்தளை. ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த ஆலயங்கள், அங்கே வாசிக்கிறவர், பாட்டுக் குழுவை நடத்துகிறவர், அவருடைய ஃபோன் நம்பர். நூறு பெயர் சேராமல் அச்சகப் பக்கம் போகவே வேண்டாம். பாஸ்டர், பங்குத்தந்தையின் பெயரை வேறு பட்டியலாக வையுங்கள். அவர்களுடைய நல்லெண்ணம் கட்டாயம் வேண்டும், ஆனால் சஞ்சிகையை வாசிக்கப் போவது அவர்கள் அல்ல.

இந்தச் சுற்றில் எல்லாரிடமும் ஒரே கேள்வி போதும்: “போன மாதம் பயிற்சியில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?” பதில்களை எழுதி வையுங்கள். எங்களுக்கு வந்த பதில்களே முதல் மூன்று இதழ்களின் உள்ளடக்கம் ஆயின.

பக்கங்களில் என்ன போடுவது

ஒவ்வொரு இதழிலும் ஐந்தாறு பாட்டு, கார்டோடு (chord, பாட்டுக்குத் துணையாகச் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு). அதுதான் இதழின் உயிர். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்து, வாத்தியத்தைப் பார்த்துக்கொள்ளும் பக்கம். கொழும்புக்காரன் எழுதும் குறிப்பு நமக்குப் பொருந்தாது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி ஆலயத்துக்குள்ளேயே வந்துவிடும். ஈரம் ஏறினால் தபேலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், கிட்டார் கம்பி துருப்பிடிக்கும், ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சணம் பூக்கும். கீபோர்டு பெட்டிக்குள் போடும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே தபேலாவைக் கொண்டுவந்து மண்டபச் சூட்டுக்குப் பழக்குவது, மைக் வயரைச் சுற்றி வைக்கும் முறை என்று எழுத ஆரம்பித்தால் இரண்டு வருடத்துக்குப் போதும்.

மூன்றாவது, பழையவர்களின் நினைவுகள். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று மிஷன் ஊழியம் தொடங்கியபோது திருநெல்வேலிப் பக்கமிருந்து உபதேசிமார் வந்தார்கள். அந்த வழியில் வந்த கீர்த்தனைகள் இன்றும் லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஜெபக் கூட்டங்களில் புத்தகம் இல்லாமலே பாடப்படுகின்றன, அதுவும் ஊருக்கு ஒரு மெட்டில். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பாடுவதை ஃபோனில் பதிந்து, அதற்குச் சுரம் எழுதிப் போடுங்கள். வேறு எந்தச் சஞ்சிகையாலும் தர முடியாத பக்கம் அது. தப்பு என்கிற பறையைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். ஆலயத்துக்குள் தப்பு அடிக்கலாமா என்பதில் காரசாரமாகக் கடிதம் வரும், வரட்டும்.

பிரசங்கம், சாட்சி, பிறந்தநாள் வாழ்த்து, திருமணப் படம் எதுவும் வேண்டாம். ஒருமுறை போட்டால் பிறகு நிறுத்தவே முடியாது.

கட்டையும் ஸ்கேலும்

முன்னோட்ட இதழை ஹார்மோனியக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. எத்தன கட்டைன்னு போடலியே?”

“மேல ஸ்கேல் போட்டிருக்கு பாருங்க ஐயா, டி ஷார்ப்.”

“அது பையன்களுக்கு. எனக்குக் கட்டை சொல்லுங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இரண்டையும் போடுகிறோம். நீங்களும் போடுங்கள். கணக்கு இதுதான்: ஒரு கட்டை என்றால் சி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. இந்த அட்டவணையைப் பின் அட்டையின் உட்பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். கட்டைக்காரரும் ஸ்கேல்காரரும் சண்டை போடாமல் ஒரே பாட்டைத் தொடங்க இது போதும்.

கிட்டார்காரருக்கு ஒரு வரி தனியாக வேண்டும், கேப்போவை (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி) எத்தனையாவது கட்டத்தில் மாட்டுவது என்று. இரண்டரைக் கட்டைப் பாட்டு என்றால் “கேப்போ 1, டி வடிவம்” அல்லது “கேப்போ 3, சி வடிவம்” என்று எழுதுங்கள். கீபோர்டில் சி-யில் மட்டுமே வாசிக்கப் பழகியவர்கள் நம்மிடம் நிறையப் பேர். அவர்களுக்கு “டிரான்ஸ்போஸ் +3”, அதாவது சி-யில் வாசித்தாலும் டி ஷார்ப்பில் ஒலிக்கவைக்கும் பட்டன். இதைச் சிலர் கேவலமாக நினைப்பார்கள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு டிரான்ஸ்போஸ் பட்டன்தான் சபையைக் காப்பாற்றுகிறது என்பது என் கட்சி.

சபையார் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு உச்ச சுரம் எதுவென்றும் குறியுங்கள். மேல் டி-யைத் தாண்டினால் பின்வரிசை வாயை மூடிக்கொள்ளும். பதிவில் பாடகர் பாடிய சுருதியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து சபையைத் திணறடிப்பதுதான் நம் குழுக்களின் பெரிய வியாதி.

கார்டை எந்த எழுத்துக்கு மேல் வைப்பது என்பது அடுத்த தலைவலி. வரிக்கு மேலே தனி வரியில் இடைவெளி விட்டு அடித்தால், எழுத்துருவோ அளவோ மாறியதும் எல்லாம் நகர்ந்துவிடும். அதனால் வரிக்குள்ளேயே, மாறவேண்டிய எழுத்துக்கு முன்னால், தடித்த எழுத்தில் சதுர அடைப்புக்குள் போடுவதே பாதுகாப்பு. இப்படி:

[ஜி] மலையோரம் விடியும் [சி] முன்னே
[டி] என் குரல் உம்மைத் [ஜி] தேடும்

பார்க்கக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். ஆனால் எந்தக் கணினியில் திறந்தாலும் நகராது. தாளத்தையும் மேலே எழுதுங்கள். ஆதி தாளம், ரூபகம் என்றால் மூத்தவர்களுக்குப் புரியும், நாலுக்கு நாலு, ஆறுக்கு எட்டு என்றால் பேட் (எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கும் பையனுக்குப் புரியும்.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் பாட்டைத் தொடாதீர்கள்

“கர்த்தருக்கு எழுதிய பாட்டுக்கு என்ன உரிமை?” என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 70 வருடமும் உரிமை உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வரி எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர் இன்னொருவர் என்றால் இருவரிடமும் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை இருக்கிறது. ஆங்கிலப் பாட்டு பழையது என்பதால் அதன் தமிழாக்கமும் பழையது என்று நினைத்துவிடாதீர்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் காலமானார். அவருடைய பாடல்களை யாரிடமும் கேட்காமல் போடலாம். போன வருடம் யூடியூபில் வந்த பாட்டைப் போட முடியாது. நடைமுறையில் நாங்கள் செய்வது: ஒரு இதழில் பாதி பழைய கீர்த்தனை, பாதி மலையகத்தில் எழுதப்பட்ட புதுப் பாட்டு. நம் ஊரில் எழுதுகிறவரிடம் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது சுலபம், தன் பாட்டு அச்சில் வருவதில் அவருக்கும் சந்தோஷம். படிவத்தில் பாட்டின் பெயர், எந்த இதழ், அச்சிலா பிடிஎப்பிலா அல்லது இரண்டிலுமா, உரிமை அவரிடமே இருக்கிறது என்ற வரி, திகதி. அவ்வளவு போதும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சொந்தக்காரரானாலும் வாங்குங்கள்.

பிள்ளைகள் பாடும் படத்தைப் போடுவதானால் பெற்றோரிடம் கேளுங்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இயேசுவா, யேசுவா?

எல்லாச் சபைக்கும் ஒரே இதழ் என்றால் சொல் பிரச்சினை வரும். ஒருவருக்குத் தூய ஆவி, மற்றவருக்குப் பரிசுத்த ஆவி. ஒருவருக்கு விவிலியம், மற்றவருக்கு வேதாகமம். நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம். எங்கள் விதி சின்னது: பாட்டின் வரியில் எழுதியவரின் சொல்லை மாற்றுவதில்லை, கட்டுரையில் கட்டுரையாளரின் சபைச் சொல்லை விடுகிறோம், ஆசிரியர் எழுதும் பகுதியில் மட்டும் ஒரே மாதிரி. ஒரு தாளில் இருபது சொல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. உபதேச வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூடப் போடக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது.

எழுத்துரு: நான் பட்ட அவமானம்

முதல் இதழை யூனிகோடில் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் வேலை செய்வார்கள். முழுவதையும் தேர்ந்தெடுத்துப் பாமினிக்கு மாற்றியிருக்கிறார்கள். தமிழ் ஒழுங்காக வந்துவிட்டது. ஆனால் அப்போது கார்டுகளை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். பாமினியில் அந்த விசைகளில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும் அல்லவா? ஜி இருக்க வேண்டிய இடமெல்லாம் “பு”, சி-க்கு “ஊ”, டி-க்கு “னு”. முந்நூறு பிரதி. முதல் பாட்டே “பு, ஊ, னு, பு” என்று தொடங்கியது. இன்றைக்கும் பயிற்சியில் என்னைப் பார்த்தால் “அண்ணே, புஊனு எப்ப வரும்?” என்று கேட்கிற தம்பிமார் இருக்கிறார்கள்.

அச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ப்ரூஃப் தாளைச் சரியாகப் பார்க்காதது நான். அதனால்:

பக்க வடிவமைப்பை நீங்களே, அல்லது உங்கள் ஆள் ஒருவர், யூனிகோடிலேயே செய்து எழுத்துரு பதிக்கப்பட்ட பிடிஎப்பாகக் கொடுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்தால் உலக மொழிகளுக்கான வேர்ல்ட் ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். படங்கள் 300 டிபிஐ. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அட்டையில் போட்டால் சேறு மாதிரி இருக்கும், மூலப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கடைசியாக, ஒரு பிரதியை மட்டும் அச்சடித்து வாங்கி, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அதைப் பார்த்து எல்லாப் பாட்டையும் வாசிக்க வையுங்கள். கண்ணால் படித்துப் பிடிக்க முடியாத பிழையைக் காது பிடித்துவிடும்.

அளவு, தாள், அச்சு

ஏ4 அளவு, 24 பக்கம், நடுவில் பின். கையடக்கமாக ஏ5 போடலாமே என்று சொல்வார்கள். கீபோர்டின் தாங்கியில் நிற்பதும், மங்கிய வெளிச்சத்தில் தெரிவதும் ஏ4தான். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். 24 என்றால் ஆறு ஏ3 தாள், மடித்தால் முடிந்தது. உள்ளே கறுப்பு ஒரே நிறம், 80 ஜிஎஸ்எம் தாள். அட்டை மட்டும் வண்ணம். உள்ளே பளபளக்கும் ஆர்ட் பேப்பர் போடாதீர்கள், பல்ப் வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாது, பென்சிலால் குறிக்கவும் முடியாது.

சில நூறு பிரதி வரைக்கும் டிஜிட்டல் அச்சு மலிவு. அதற்கு மேல் போனால் ஆஃப்செட். கண்டியிலும் கொழும்பிலும் குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள், விலைப்பட்டியல் எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதிலிருந்து நான் ஒரு இதழுக்கான தாளை முன்கூட்டியே வாங்கி அச்சகத்தில் வைத்துவிடுகிறேன்.

போட்டோகொப்பி எடுப்பார்கள். தடுக்க முடியாது, தடுக்க நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு பாட்டுப் பக்கத்தின் அடியிலும் சஞ்சிகையின் பெயர், ஃபோன் நம்பர், இதழ் எண் மூன்றையும் போட்டுவிடுங்கள். எங்கள் சந்தாக்காரரில் பலர் வந்தது அந்தக் கொப்பிகளைப் பார்த்துத்தான்.

பதிவும் கணக்கும்

வியாபாரப் பெயரை உங்கள் பிரதேச செயலகத்தில் பதியலாம். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியோடு போங்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் சஞ்சிகையின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் சந்தா வாங்கினால் நாலாவது மாதம் பேச்சு கிளம்பும். அச்சகத்தின் பெயரும் முகவரியும் இதழில் கட்டாயம் இருக்க வேண்டும். 1885ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி பிரதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் போகவேண்டும், அதை யார் அனுப்புவது என்று அச்சகத்தோடு பேசி வையுங்கள். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் போல, தொடர்ந்து வரும் இதழுக்கு எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் உண்டு. முதல் நாளே அது இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

கைக்குக் கொண்டு சேர்ப்பது

இதழ் செய்வதைவிட இதுதான் கஷ்டம். பல தோட்டங்களில் லயத்துக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒஃபிஸுக்கு வரும், அங்கிருந்து எப்போது, யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. முதல் இதழில் முப்பது பேருக்குத் தபாலில் அனுப்பினேன். எத்தனை போய்ச் சேர்ந்தது என்று கேட்டபோது பாதிப் பேர் “அப்படியா, அனுப்பினீங்களா?” என்றார்கள்.

ஆகவே ஊருக்கு ஒரு பொறுப்பாளர். ஆலயத்தில் வாசிக்கிறவராகவே இருந்தால் நல்லது. பத்துப் பிரதிக் கட்டு பஸ்ஸில் பார்சலாகப் போகும், அவர் டவுனில் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுப்பார். அவருக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று கழிவு (கமிஷன்) கொடுங்கள். ஊழியமாகச் செய்யட்டும் என்று விட்டால் இரண்டு இதழோடு சரி. காசு கேட்கும் நாளையும் யோசியுங்கள். தோட்டத்தில் பத்தாம் திகதியை ஒட்டித்தான் சம்பளம், அதற்கு முந்தின ஞாயிறு போய் நின்றால் கடன் சொல்வார்கள், கடன் சொன்னவர் அப்புறம் கண்ணில் படமாட்டார்.

விலைக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் ஒரு பேச்சுக்குத்தான், உங்கள் அச்சகம் சொல்வதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரதிக்கு 180 ரூபா அடக்கம், 300 பிரதி, ஆக 54,000. விற்பனை விலை 250, பொறுப்பாளர் கழிவு 40, உங்கள் கைக்கு 210. முந்நூறும் விற்கும் என்று கணக்குப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இருநூறு விற்கும் என்று வையுங்கள்: 42,000. துண்டு விழுவது 12,000. இந்தப் பன்னிரண்டாயிரம் விளம்பரத்தில் வரவேண்டும், அது கையில் வந்தபிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

விளம்பரம் கேட்க வேண்டிய இடங்கள்: வாத்தியக் கடை, கீபோர்டு பழுது பார்ப்பவர், சவுண்ட் வாடகைக்கு விடுபவர், பதிவு ஸ்டூடியோ, பாடகர் குழு உடை தைக்கும் தையல்காரர், டிசம்பர் இதழுக்குக் கேக் கடை. அட்டையில் தன் படத்தைப் போட்டால் முழுச் செலவையும் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார், எங்களிடமும் வந்தார். போட்டிருந்தால் அடுத்த சபைக்காரர் இதழைத் தொட்டிருக்க மாட்டார்.

பிடிஎப்பை வாட்ஸ்அப்பில் தனிச் சந்தாவாகக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும் வாங்குகிறார்கள். பாட்டுப் பக்கத்தில் ஒரு க்யூஆர் குறி வைத்து, மெட்டை ஃபோனில் கேட்கும்படி செய்தால் சுரம் படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படும். ஒரு நிமிடப் பதிவு போதும், டேட்டா தின்னக் கூடாது.

வருடக் கணக்கு

மாத இதழ் என்று அறிவித்துவிட்டு மூன்றாவது மாதம் காணாமல் போனவை ஏராளம். வருடத்துக்கு நான்கு, அதுவும் திருநாளைப் பார்த்து. தவக்காலப் பாட்டு ஜனவரி கடைசியில் கையில் இருக்க வேண்டும், கிறிஸ்மஸ் பாட்டு அக்டோபர் நடுவில். டிசம்பரில் கொடுத்தால் யாருக்கும் பயிற்சிக்கு நேரம் இருக்காது, இதழ் அலமாரிக்குப் போகும். மே மாதத்திலிருந்து ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை, வருடக் கடைசியில் பதுளைப் பக்கம் வடகீழ் மழை. மண்சரிந்து பாதை அடைபட்டால் கட்டு டவுனிலேயே கிடக்கும், அதனால் இரண்டு வாரம் முந்தியே அனுப்புங்கள், பிளாஸ்டிக் உறையில் கட்டி.

கிறிஸ்மஸ் இதழுக்குப் பாட்டு கேட்டு ஜூலையிலேயே ஃபோன் போட ஆரம்பிக்க வேண்டும். எழுதுகிறவர்கள் எல்லாரும் “அடுத்த வாரம் தாறேன்” என்பார்கள். அதற்கு ஆறு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.